தகரப் பட்டறையும் எதிர்மாடி மாப்பிள்ளையும்

தகரத்தம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். புருஷன் கண்ணை மூடியதும், அழுது முடிக்கக்கூட நேரமில்லாமல் அவருடைய சுத்தியலைக் கையில் எடுத்தவள். காற்றுக்குழாயோ தண்ணீர்த் தொட்டியோ, எது கேட்டாலும் தகரத்தில் வளைத்துக் கொடுப்பாள். அந்தச் சுத்தியல்தான் ஒரே மகளை வளர்த்தது, படிக்க வைத்தது, கல்யாணமும் பண்ணி வைத்தது.

அவள் பட்டறைக்கு எதிரே ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலை, வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. அதை ஒருவர் வாங்கி, இரும்புத் தூண்களைச் சுரண்டி மெருகேற்றி, அடுப்புகள் இருந்த இடத்தில் சுவர்கள் எழுப்பி, அடுக்குமாடி வீடுகளாக்கினார். இரண்டாம் மாடியில் மகளும் மாப்பிள்ளையும் குடிவந்தபோது, தகரத்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிடு தூரத்தில் பெண்! வேறென்ன வேண்டும்?

ஆனால் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இரவு வேலை. காலையில் வந்து அவர் கண் அசரும் நேரத்தில்தான் பட்டறையில் முதல் அடி விழும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். தலையணையைத் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தார். ஒருநாள் பால்கனியில் நின்று, "கொஞ்சம் நிறுத்தித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டார். மாமியாருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு இரண்டு மடங்கு அடித்தாள்.

அதோடு பேச்சு நின்றது. தெருவைத் தொழில் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்ற வேண்டும் என்று மாடிக்காரர்கள் நகராட்சியில் மனுக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் மாப்பிள்ளை. மனு ஜெயித்தால் பட்டறைக்குப் பூட்டு. இந்த வயதில் அவள் எங்கே போய்ப் புதிதாகக் கடை விரிப்பாள்?

மனு விசாரணைக்கு முந்தின நாள் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நாளைக்கு நான் எந்தப் பக்கம்மா உக்கார்றது?"

"உன் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரு. ஆனா வாய் உன்னுது, மனசுல பட்டதைப் பேசு."

நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை எழுந்தார். மாமியார் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எங்க தெருவுல எந்தத் தொழிலும் நடக்கக் கூடாது மேடம். வீடுங்க மட்டும்தான் இருக்கணும்."

அதிகாரி அம்மா கண்ணாடியைச் சரிசெய்தாள். "எந்தத் தொழிலுமா? உங்க கட்டடத்துல யாரும் எதுவும் பண்றதில்லையா?"

மாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகள் மெதுவாக எழுந்தாள்.

"நான் பண்றேன் மேடம். வீட்டுலயே மூணு தையல் மெஷின் போட்டிருக்கேன். இவர் சொல்றபடி ஆச்சுன்னா, முதல்ல என்னைத்தான் மூடணும்."

கூடமே சிரித்தது. தகரத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவே காது மடல் சிவக்க நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே எத்தனை கருப்பு! எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கும்! எழுந்தாள்.

"சிரிக்காதீங்க. ராத்திரி பூரா நோயாளிங்களோட மல்லுக்கட்டிட்டு வர்ற மனுஷன் அவர். காலையில அளக்கறது, கோடு போடறதுன்னு சத்தமில்லாத வேலையா வச்சுக்கறேன். அடிக்கறதெல்லாம் மதியத்துக்கு மேல."

"இதை ஏம்மா நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசலை?" என்று கேட்டாள் அதிகாரி.

"அவர் மேல இருந்து கத்தினாரு, நான் கீழ இருந்து அடிச்சேன். பேச்சு நடுவுல எங்கேயோ மாட்டிக்கிச்சு மேடம்."

மாப்பிள்ளை தலை நிமிர்ந்தார். "மனுவை மாத்தி எழுதித் தர்றோம் மேடம்" என்றார்.

அடுத்த மாதமே அந்தத் தெரு, வீடும் தொழிலும் சேர்ந்திருக்கும் கலப்புப் பகுதி என்று உத்தரவு வந்தது. சத்தமுள்ள வேலைக்கு மதியத்துக்கு மேல்தான் அனுமதி.

அன்று பிற்பகல் பட்டறை வாசலில் நிழல் தட்டியது. கலைந்த தலையோடு மாப்பிள்ளை.

"என்ன அத்தை, நேரமாச்சே? ஏன் இன்னும் அடிக்கலை?"

"நீங்க எழுந்தீங்களான்னு தெரியலையே மாப்பிள்ளை."

"நல்லாத் தூங்கி எழுந்தாச்சு. இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன், அடிங்க."

"கையைத் தள்ளி வைங்க. அப்புறம் ஊசி போட ஆஸ்பத்திரியில ஆள் இருக்காது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.