ஐம்பது கெல்வினில் ஒரு மேடு

ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நாலு கெல்வின்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சாதாரண அறையின் வெப்பம் முந்நூறு கெல்வின் என்றால், அவர் பார்த்துக்கொள்கிற இயந்திரம் திரவ ஹீலியத்தைக் குடித்துக் குடித்து நாலு வரைக்கும் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அதோடுதான் குடித்தனம். அது முனகினால் எந்த வால்வு முனகுகிறது என்று வராந்தாவில் வரும்போதே சொல்லிவிடுவார். வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் மூன்று மாதமாக ரிப்பேரில் கிடக்கிறது. அதைப் பற்றி மனைவியிடம் பேச்செடுக்க அவருக்குத் துணிச்சல் கிடையாது.

இயந்திரத்துக்குள் போகிற சரக்கெல்லாம் மேடத்துடையது. மேடம் என்றால் பேராசிரியை. அருமண் உலோகம் ஒன்றை நிக்கலோடும் கார்பனோடும் சேர்த்து உருக்கி, அரிசி நொய் அளவுக்குப் படிகம் வளர்ப்பார். அதைக் குளிர வைத்தால், உள்ளே இருக்கிற எலக்ட்ரான்கள் சீராகப் பரவி நிற்பதை விட்டுவிட்டு, ஓரிடத்தில் நெருக்கம், அடுத்த இடத்தில் கலைசல் என்று வரிவரியாக நின்றுவிடும். மனைவி ஜன்னல் திரை தைக்கிறவள். "திரையில நீ மடிப்பு வைக்கிறியே, அந்த மாதிரி" என்று அவர் சொன்னதும் அவளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. மேடத்தின் படிகத்தில் அந்த மடிப்பு ஐம்பது கெல்வின் பக்கம் விழும். அருமண் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மடிப்பு விழுகிற அதே இடத்தில் அந்தக் காந்தங்களும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அணிவகுக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. ஆறு வருஷமாகியும் அதற்கு ஒரு சாட்சிகூடச் சிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சிக்கியது. படிகத்தின் காந்தத்தன்மையைக் காட்டுகிற கோடு கணினியில் வழவழவென்று போய்க்கொண்டே இருந்து, ஐம்பதுக்குப் பக்கத்தில் முதுகைத் தூக்கியது. மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாலு கெல்வின்! இது என்னன்னு தெரியுதா?"

"மேடு மாதிரி தெரியுது மேடம்."

"மேடா? மலைங்க! கட்டுரையில உங்க பேரும் வருது. நாலாவது பேரு உங்களோடது. வெள்ளிக்கிழமை அனுப்பறோம்."

கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் 'தொழில்நுட்ப உதவியாளர்களுக்கு நன்றி' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி வருமே, அதில் ஒரு பங்குதான் இத்தனை வருஷமும் அவருக்குக் கிடைத்தது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

மனைவி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள். திரை தைக்கக் கொடுத்தவர்கள், கொடுக்கப் போகிறவர்கள், பக்கத்து வீடு, எதிர் வீடு, கடைசியாகத் தன் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து இவரை 'ஐஸ் பெட்டி மாப்பிள்ளை' என்றே கூப்பிடுகிற மனுஷர் அவர். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெறும் மாப்பிள்ளை என்றார்.

வியாழக்கிழமை காலையில் இயந்திரத்திலிருந்து படிகத்தை வெளியே எடுத்தார் நாலு கெல்வின். படிகத்தை மருந்துக்கடை கேப்சூல் கூட்டுக்குள் வைத்து, கூட்டை ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் செருகித்தான் உள்ளே இறக்குவது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு அதுதான் தோதுப்படும். கூட்டில் ஊசியால் ஓர் ஓட்டை போடவேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற காற்றை பம்ப் இழுத்துக்கொள்ளும். ஓட்டை இருந்தது. ஓட்டைக்கு மேலே டேப்பும் இருந்தது. முந்தின வாரம் ஒரு படிகம் நழுவி விழுந்து மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதால், இந்த முறை கூட்டை இரண்டு சுற்று டேப் போட்டு இறுக்கியிருந்தார். எல்லாம் சொந்தக் கை செய்த கைங்கரியம்.

டேப் ஓட்டையை அடைத்துவிட்டதால் காற்று வெளியேறாமல் கூட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் ஐம்பது பக்கம் உறைந்து, தன் பங்குக்கு ஒரு காந்தக் கூத்து நடத்தும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேடத்துக்கும் தெரியும். ஆறு வருஷம் காத்திருந்தவருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிடப் போகாமல், ஒரு காலிக் கூட்டைக் காற்றோடு மூடி, டேப் சுற்றி உள்ளே இறக்கினார். படிகம் இல்லை, அருமண் இல்லை, மடிப்பும் இல்லை. மூன்று மணிக்கு, ஐம்பதுக்குப் பக்கத்தில், மேடு ஜம்மென்று எழுந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. கூட்டைக் குப்பையில் போட்டால் நாலாவது பேர் நாலாவது பேராகவே இருக்கும். பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிஷமும் அவர் மனசு ஒன்றும் பெரிய யோக்கியமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு இரண்டு கோடுகளையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டாவது எந்தச் சாம்பிள்?"

"சாம்பிளே இல்ல மேடம். காத்து."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். படிகம் இருந்த கூட்டின் டேப்பைப் பிரித்து மறுபடி அளந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வந்த கோடு ஐம்பதைச் சட்டை செய்யாமல் கடந்து போனது. காந்தங்கள் பத்துக்கும் கீழே போய்ச் சாவகாசமாக அணிவகுத்தன. மடிப்புக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கட்டுரை போயிற்று, பேரும் போயிற்று.

வீட்டில் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, அனுப்பியாச்சா?"

செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

"நீங்க சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்தான் சொன்னீங்க?"

"வெறும் காத்துக்கு எப்படிம்மா என் பேரைப் போட்டுக்கறது?"

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று வரிசையாகப் பேச்சு நடப்பது கேட்டது. அவமானத்தில் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. அப்போது அவள் குரல் உயர்ந்தது, செவ்வாய்க்கிழமை இருந்ததைவிட ஒரு படி கூடுதலாகவே.

"அண்ணா, அன்னிக்குச் சொன்னேனே, அது அப்படி இல்லையாம்... ஆமாங்கறேன், தப்பாம். அத்தனை படிச்சவங்க இருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியலை... யாரு கண்டுபிடிச்சதா? என்ன கேள்வி இது? உங்க மாப்பிள்ளைதான்!"