லொங்குய்யில் ரேடியேட்டர் இல்லாத கார்

லொங்குய் நகரில், எனக்குத் தம்பி மாதிரியான ஜெயந்தனின் கராஜுக்குள் நிற்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், இன்று டொரோண்டோவில் பதினொரு லொறிக்குச் சொந்தக்காரன். எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை. ஆனால் இந்த நீள ஒல்லிப் பந்தயக் காரில் ரேடியேட்டரையே காணவில்லை.

“எஞ்சின் வெந்துபோகுமடா!”

காரை ஓட்டப்போகிறவள் அவன் மனைவி மேரி. அவள் சிரிக்கிறாள். “அண்ணை, உப்புப் படிஞ்ச வெட்டவெளியில, நேர்கோட்டில சில நிமிஷ வேக ஓட்டம்தான். ரேடியேட்டர் வைச்சால் காத்து மறிக்கும். இந்தத் தாங்கியில இருக்கிற ஐஸ்தண்ணி எஞ்சினைக் குளிராக்கும்; அது கொதிக்க முதலே ஓட்டம் முடிஞ்சிடும்.”

தாங்கி அவளுடைய சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஜெயந்தன் மெதுவாகச் சொல்கிறான்: “வெல்டிங் விட்டால் சுடுதண்ணி இவளின்ர முதுகிலதான் அண்ணை.”

மூன்று தரம் வெல்டிங் செய்தும் அவனுக்கு நித்திரை இல்லையாம். நான் கோதுமை மா வாங்கி வெல்டிங் நெடுகத் தடவுகிறேன், தாங்கியில் சுடுதண்ணீர் நிரப்பச் சொல்கிறேன். கசிந்தால் மா நனைந்து காட்டிக்கொடுக்கும். தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறிகளைத் திருத்திய காலத்தில் நானே கண்டுபிடித்த வித்தை இது.

ஒரு மணித்தியாலம் போகிறது. மா காய்ந்தே இருக்கிறது.

“ஒரு சொட்டும் இல்லை. ஏத்தடா காரை ட்ரெய்லரில!”

ஜெயந்தன் தாங்கியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் பாப்பமே?”

வெளியே ட்ரெய்லர் புறப்படக் காத்திருக்கிறது. மேரி அவனுக்குப் பக்கத்தில் வெறும் சீமெந்தில் குந்துகிறாள்.

“சரியப்பா, பாப்பம்.”