கல் விழும் வேகம்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணி. மாமாவின் மடிக்கணினித் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. அதற்குள் கையில் விளக்கோடு ஒரு சின்ன மனிதன் நின்றான். நான் பட்டனைத் தொடுவதற்குள் மேலிருந்து ஒரு கல் விழுந்து, அவன் செத்துப்போனான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த கடை சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. முன்பு கம்ப்யூட்டர் சென்டர், நாங்கள் போனபோது ஜெராக்ஸ் கடை. சென்டர் காலத்து சிடிக்களை விற்பதாகக் கடைக்காரர் இணையத்தில் படத்தோடு போட்டிருந்தார். என் மாமா, அம்மாவின் தம்பி, பல வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஆட்டம் அந்தப் படத்தில் தெரிந்தது. ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று, தன் கணினிக்கு வெளியே செருகும் சிடி டிரைவ் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நாங்கள் கடலூரில் பஸ் ஏறியது அம்மாவைப் பார்க்கத்தான். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் அவளைச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலை வயிற்றில் அறுவை சிகிச்சை. போகும் வழியில் மாமா என்னை இந்தச் சந்துக்குள் இழுத்துவந்துவிட்டார்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. அது தொடங்கும் சாம்பல் புதனன்று எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவதாகச் சொல்வார்கள். அந்த வருடம் அப்பா கறியையும் மாமா சிகரெட்டையும் விட்டார்கள். நான் கம்ப்யூட்டர் கேமை விட்டேன். எதற்காக என்று அப்பா கேட்டபோது, “அம்மா நல்லா ஆவறதுக்கு” என்றேன். பத்து வயதில் அதைக் கடவுளோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்றே நினைத்தேன். கடவுள் தன் பங்கைச் செய்வதும் செய்யாததும் என் கையில் இருந்தது.

“மாப்ள, நீ அந்த அம்பு பட்டன அழுத்து, நான் வேகத்தப் பாக்கறேன்” என்று மாமா சொன்னபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

மறுபடி ஆரம்பித்தோம். மனிதன் வந்தான், கல் விழுந்தது, செத்தான். மூன்றாம் முறை அவன் வந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

“இது அந்தக் காலத்து மெஷினுக்கு எழுதுனது சார்” என்றார் கடைக்காரர். “உங்க லேப்டாப்பு பேய் மாதிரி ஓடுது. அவன் என்னா பண்ணுவான், பாவம்?”

எனக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டதை மாமா பார்த்துவிட்டார்.

“டேய், கேம்லதானடா செத்தான். இதுக்கா அழுவுற?”

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல மாமா?”

மாமா எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார். ஒப்பந்தத்தை நான் உடைத்தது போதாதென்று அவரும் உடைத்துவிட்டார். அவர் ஏன் அப்போது போய்ப் பற்றவைத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தவர் இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பலமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்தார். கல் மெதுவாக இறங்கியது. மனிதன் நடந்தான். மாமா சிடியை வாங்கிக்கொண்டார்.

வார்டில் அம்மா எங்களைப் பார்த்ததும், “கெடச்சுதாடா?” என்றாள். என்னிடம் இல்லை, தம்பியிடம்.

கல்யாணத்துக்கு முன் அவள் கம்ப்யூட்டர் கிளாஸ் போனபோது, துணைக்குப் போன மாமாவும் அவளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய ஆட்டமாம் அது.

“கடைசிக் கதவ நாம பாத்ததே இல்லடா.”

“ஆமா, நீ எங்க என்ன ஆட வுட்ட?” என்றார் மாமா.

அம்மா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தேன். “வேணாம்மா” என்றேன்.

“பயப்படாதடா. கல்லு வரும்போது ஓடக் கூடாது, நின்னுடணும்.”

ஒரே ஒரு உயிர் மிச்சமிருந்தபோது நர்ஸ் வந்து, “போதும்மா, படுங்க. காலைல தியேட்டர்” என்றார். பாதியில் சேமித்து வைக்கும் வசதி அந்த ஆட்டத்தில் கிடையாது. அம்மா அதை அப்படியே நிறுத்திவைத்தாள். விளக்கோடு மனிதன் நடுவழியில் நின்றான்.

“வந்து முடிக்கறேன். எவனும் தொடாதீங்க.”

மாமா கணினியைக் கட்டிலடியில் ஸ்டூலில் வைத்து, சார்ஜரைச் சுவரில் செருகினார். ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தார். பேட்டரி கெட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

மறுநாள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனபின் எல்லோரும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ஜெபமாலை உருட்டினார். மாமா என்னிடம், “போயி லேப்டாப்பப் பாத்துட்டு வாடா” என்றார். நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். “நீயே போ மாமா” என்றேன். அவரும் போகவில்லை.

மாலையில் அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய், கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்தது. மாமா கட்டிலடியில் குனிந்தார். சுவரில் எங்கள் சார்ஜர் இருந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மடிக்கணினி அணைந்திருந்தது.