பக்கிரிக்குக் கேட்காத மாத்திரை

தங்கச்சி புருஷன் பக்கிரி ஒரு பொய்யன் என்ற கோபத்தை அன்புராஜ் ஏழு வருஷமாகச் சுமந்தான். பொங்கல் சீரைக்கூட வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

பாகூர்ப் பக்கம் கரும்பு லோடு ஏற்றுகிற வேலை பக்கிரிக்கு. வண்டி நிறைந்ததும் ஆளுக்கொரு குவார்ட்டர் தருவது அங்கே வழக்கம். தன் பங்கைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான் பக்கிரி. தங்கச்சி வேலம்மாள் இதைச் சொன்னபோது அன்புராஜ் நம்பாமல் சிரித்தான்.

டிராக்டர் பெட்டி சாய்ந்து பக்கிரியின் தொடை எலும்பு முறிந்த அன்று, ஆஸ்பத்திரியில் நர்ஸ், "குடிப்பாரா?" என்று கேட்டாள். பக்கிரி வாயைத் திறக்குமுன் அன்புராஜ் முந்திக்கொண்டான்.

"லோடு வேலைம்மா. குடிக்காம இருப்பானா?"

சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு டிரமடால் மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் அதையே போட்டுக்கொண்டு குறட்டை விட்டான். பக்கிரிக்குக் கேட்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி முனகினான். குடிச்ச உடம்பில் மருந்து ஏறாது என்றார்கள். போதைக்குத்தான் இன்னொன்று கேட்கிறான் என்றும் ஒரு பேச்சு. பக்கிரி தன் மகள் இளவரசியின் தலையில் கை வைத்து, குடியைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தான். பிள்ளை தலையிலேயே பொய்ச் சத்தியமா என்று அன்புராஜ் அன்றோடு பேச்சை நிறுத்தினான்.

போன வருஷம் பக்கிரிக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. இது வேறு ஆஸ்பத்திரி. ஆனால் அதே மாத்திரை, அதே முனகல். வேலம்மாள் அழுததால் அன்புராஜ் துணைக்குப் போனான். டாக்டரம்மா விஜயகுமாரி பழைய சீட்டைப் படித்தாள். குடியைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தி, மார்பின் என்ற வேறு வலிமருந்து கொடுத்தாள், ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். அன்று மத்தியானம் பக்கிரி தூங்கினான்.

முடிவு வந்ததும் அவள் அன்புராஜுக்கு விளக்கினாள். டிரமடாலைக் கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது வலியை நன்றாக அடக்கும். அந்த மாற்றுகிற சக்தி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. தாய் தகப்பன் வழியாக வருகிற சமாச்சாரம். மார்பினுக்கு அந்த வேலை தேவையில்லை. குடிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மகளுக்கும் இப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அன்புராஜ் சைக்கிள் ஸ்டாண்டு வரை போய், நின்று, திரும்பி வந்தான்.

"குடிப்பான்னு எழுத வெச்சது நான்தான் மச்சான்."

"தெரியும். நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்." பக்கிரி லேசாகச் சிரித்தான். "எத்தினி குவார்ட்டர வுட்டுக் குடுத்திருக்கேன். குடிச்சிருந்தாலாவது பேரு பொருந்தியிருக்கும்."

அன்புராஜ் கட்டிலோரம் வந்தான். மச்சான் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் பக்கிரி பதினோரு நாள் இருந்தான். கல்யாணமாகியிருந்த இளவரசிக்கு அப்போது வயிற்றில் ஐந்தாம் மாசம். பக்கிரி கடைசியாக அன்புராஜைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"பிரசவத்துக்கு ஆபரேஷன்னு வெச்சுக்க, வலிக்கு அந்த மாத்திரையவே குடுத்துடுவாங்க. கேக்கலன்னு அவ சொன்னா, நடிக்கிறான்னுவாங்க. நர்ஸ் இன்னா கேட்டாலும் நீ முந்திக்கினு பேசுவ இல்ல? அவ அப்பனுக்கு இது கேக்கலன்னு அன்னிக்கும் முந்திக்கினு சொல்லு மச்சான். சீட்டுல எழுதற வரைக்கும் அந்த எடத்த வுட்டு நவுராத."