விளிம்பில் ஓர் அரத் தடம்

நான்கு வருடங்களுக்கு முன், ஜெர்மனியில், டோர்ட்மண்டில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது இது. இங்கே குடியேறிய எங்கள் ஊர் ஓய்வூதியர்கள் சிலர் ஒரு சிறிய மண்டபத்தில் கூடித் தேநீர் குடிப்போம். நாட்டைத் திருத்துவோம். அது திருந்தவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நான் ஓர் உலோகத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், எதை வெறுமையாக விட வேண்டும் என்றெல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை மறுக்கும் அளவுக்கு நான் அடக்கமானவன் அல்ல. ஓய்வுக்குப் பிறகு பழைய சீன வெள்ளிக் காசுகள் சேர்க்கத் தொடங்கினேன். அவற்றில் நல்லதைவிடப் போலி அதிகம் கைக்கு வரும். போலியைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது. சனிக்கிழமைகளில் சட்டைப் பையில் ஒரு சின்னத் தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இல்லாமல் நான் புறப்பட்டதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவரை எல்லோரும் 'கப்பல்காரர்' என்போம். இளமையில் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர். அவர் கதைகளில் அலைகள் வாரத்துக்கு வாரம் உயரும். அதனால் அவர் வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணடித்துக் கொள்வார்கள்.

அன்று அவர் என்னிடம் வந்து, ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சிறிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் டிராகன், மறுபக்கம் சீன எழுத்து.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. எங்களோட கப்பலில ஒரு சீனச் சமையல்காரன் இருந்தவன். காய்ச்சலில கிடக்கேக்க நான்தான் மூண்டு நாள்..."

"கதை பிறகு. முதலில காசு பேசட்டும்" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நான் தராசை மேசையில் வைத்தேன். ஆட்கள் சுற்றி நின்றார்கள். அப்படி நின்றால் என் கை இன்னும் நிதானமாக இயங்கும்.

எடை குறைவாக இருந்தது. ஐந்து கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, ஐந்தைத் தொடவில்லை. மேசையில் தட்டினேன், மந்தமான சத்தம். பிறகு விளிம்பு. சுற்றிவர இருக்க வேண்டிய நுண்ணிய வரிகள் ஓரிடத்தில் அழிந்து, அரத்தால் அராவிய தடம் தெரிந்தது. அச்சில் உலோகத்தை ஊற்றிச் செய்யும் போலிகளில், ஊற்றிய வாயை இப்படித்தான் அராவி மறைப்பார்கள். இதையெல்லாம் ஒரு விரிவுரையாகவே சொல்லி முடித்துவிட்டு, "கள்ளக் காசு" என்றேன்.

"அப்ப காசும் புளுகுதோ!" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கப்பல்காரர் காசை மறுபடி துணியில் முடிந்தார்.

"வடிவாப் பாத்தனீங்கள்தானே அண்ணை?"

"ஓம். இதில பாக்க வேற என்ன இருக்கு?"

"அப்ப சரி. நீங்கள் படிச்சனீங்கள்" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கோபம் ஆறினால் வருவார் என்று நினைத்தேன். அந்த மாரிகாலத்தில் இதயம் நின்று இறந்துபோனார்.

செத்தவீட்டுக்குப் போனேன். கைகூப்பி நின்று, வழக்கமான வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். தாயின் விதவை ஓய்வூதியத்துக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும். நிரப்பி முடித்ததும், தன் பையிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமா, இதை என்ன செய்யிறது? எறியட்டோ எண்டு அம்மா கேக்கிறா. கள்ளக் காசாம், நீங்கள்தான் சொன்னனீங்களாம்."

"அப்பா ஏன் இதைக் காட்டக் கொண்டு வந்தவர்?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"என்ர பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு அரைஞாணில கோத்துக் கட்டவெண்டு வச்சிருந்தவர். நான் குழந்தையா இருக்கேக்க என்ர அரையில கிடந்த காசு அது. எனக்குக் கழட்டின பிறகு வளையத்தை வெட்டி அராவிப்போட்டு, எந்த நேரமும் பேர்சுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சவர். பிள்ளை வாயில வைக்கும், ஈயம் கீயம் இருந்தால் கூடாது, அண்ணையிட்ட ஒருக்காக் கேட்டிட்டுக் கட்டுவம் எண்டு வந்தவர்."

"பிறகு?"

"கட்டேல்லை. கள்ளக் காசைப் பிள்ளையில கட்டேலாது எண்டிட்டார். அந்தச் சமையல்காரன் தன்னை ஏமாத்திப்போட்டான் எண்டு கடைசி வரைக்கும் மனவருத்தம்."

நான் கண்ட அரத் தடம், வளையம் ஒட்டியிருந்த இடம். எங்கள் ஊரில் பிள்ளையின் அரைஞாணில் வெள்ளிக் காசு கோர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் அரையிலும் ஒன்று கிடந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். உலகத்துப் போலிக்காரர்கள் விளிம்பை ஏன் அராவுகிறார்கள் என்று தெரிந்த எனக்கு, எங்கள் ஊர்த் தகப்பன் ஒருவன் ஏன் அராவுவான் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

காசை ஒரு நாள் வைத்திருக்கக் கேட்டேன். நீரில் அமிழ்த்தி நிறுக்கும் சோதனையை அன்று மண்டபத்தில் நான் செய்யவில்லை. அதற்குத் தண்ணீர்க் கோப்பையும் நூலும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். முதலிரண்டும் அங்கே இருந்தன. சின்னக் காசின் சத்தத்தை நம்பக்கூடாது என்பதும், தேய்ந்த காசு எடை குறையும் என்பதும்கூட எனக்குத் தெரிந்தவைதான். குசினி மேசையில் மூன்று தரம் நிறுத்தேன். மூன்று தரமும் வெள்ளிக்கு உரிய கணக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். டிராகனின் செதில்களுக்கிடையில், தேயாத பள்ளங்களில், கோடுகள் கூர்மையாக நின்றன. ஊற்றிச் செய்த காசில் அப்படி வராது. அராவிய இடத்தைத் தவிர விளிம்பு முழுவதும் ஒழுங்காக இருந்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நல்ல காசு பிள்ளை. நான்தான் பிழையாகச் சொல்லிப்போட்டன்."

"இதை அப்பாவிட்ட ஆர் சொல்லுறது மாமா?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னேன். அன்று பகிடிவிட்டவர், "ஆள் போயிட்டுது, இனி ஏன் அதைக் கிண்டுறியள்?" என்று தேநீரை நீட்டினார். சிரித்தபோது இருந்த ஆட்களில் பாதிப்பேர்கூட அன்று இருக்கவில்லை. இருந்தவர்களுக்கும் அந்தப் பின்னேரம் சரியாக நினைவில்லை.

காசைத் திருப்பிக் கொடுக்கும்போது முறைப்படி ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். எடை, விட்டம், நீர்ச் சோதனை, விளிம்பு. அத்தகைய அறிக்கையில் முதல் கட்டம், காசு எங்கிருந்து, யார் கையால் வந்தது என்பது. மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். காய்ச்சலில் கிடந்த சமையல்காரன், மூன்று நாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் துறைமுகம், அவன் பெயர் என்ன, பிழைத்தானா, காசைக் கொடுக்கும்போது என்ன சொன்னான், எதுவும் தெரியவில்லை.

அவள் காசுக்குப் புது வளையம் போடுவித்துப் பிள்ளைக்குக் கட்டிவிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. அறிக்கையின் பிரதி ஒன்று என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வாழ்க்கையில் எத்தனையோ படிவங்களை ஒரு கட்டம் விடாமல் நிரப்பிய எனக்கு, அதன் முதல் கட்டத்தில் பாதி வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அதை நிரப்பக்கூடிய ஒரே மனிதர் என் முன்னால் நின்று கதையைத் தொடங்கியதும், "கதை பிறகு" என்று நான் அவரை நிறுத்தியதும்தான் நினைவுக்கு வருகின்றன.