ஞாயிற்றுக்கிழமைப் பந்து

தோற்பதற்கென்றே கூலி வாங்கிய ஆட்கள் நாங்கள். கோட்டாற்றில் ஜவுளி வியாபாரம் செய்த ஒரு முதலாளி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார். நான் அதில் கோல் காக்கும் கோலி. ஐந்து வருடமாக ஒரு கேடயத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு மழைநாளில் ஒன்பது கோல் வாங்கினேன். மறுநாள் கடைத்தெருவில் தலைகாட்ட முடியுமா? "என்ன மக்கா, ஒம்பது பெத்தியா?" என்று மீன்காரி வரை கேட்டாள்.

ஏன் தோற்றோம் என்பது ஊருக்கே தெரியும். முன்னால் ஓடிக் கோல் அடிக்க வேண்டிய ஐந்து பேரும் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். கடலுக்குப் போகாத ஞாயிறுதான் அவர்களுக்குப் பயிற்சிக்குத் தோது. பின்னால் நிற்கும் நாங்களோ மிஷன் சபைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள்; வீட்டில் அடுப்புகூட மூட்டமாட்டார்கள், பந்தையா தொடவிடுவார்கள்? ஆக, சனிக்கிழமை ஆட்டத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவர்கள் காற்றை வைத்துத் திசை சொல்பவர்கள். "வாடப்பக்கம் அடி!" என்று கத்துவார்கள். வடக்கு எது என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து எதிராளி காலில் இருக்கும்.

கடைசியில் முதலாளி பொறுமையிழந்தார். "இந்தத் தடவையும் தோத்தா டீமக் கலைச்சிருவேன், கேட்டியளா" என்றார்.

அப்பாவிடம் போய் நின்றேன். அவர் எங்கள் சபையின் மூப்பர். திருவிருந்தான இராப்போஜனத்தின் அப்பத் தட்டையும் திராட்சை ரசப் பாத்திரத்தையும் வரிசை வரிசையாகக் கொண்டுவந்து கொடுப்பவர்.

"ஒரு ரெண்டு மாசம், ஆராதனை முடிஞ்ச பொறவு ஆடிட்டு வாறேன் அப்பா."

"போ. ஆனா எங்கையால இராப்போஜனம் வாங்கலாம்னு மட்டும் நெனைக்காத."

பயந்துகொண்டேதான் போனேன். என்னைப் பார்த்து, எனக்கு முன்னால் நின்று தடுக்கும் இரண்டு பேக்குகளும் வந்தார்கள். எட்டே ஞாயிறு. வடக்கு வாடை எது, மேற்குக் கச்சான் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் உதைத்த இடத்தில் ஆள் நின்றான். சவம், இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஐந்து வருடத்தை மண்ணாக்கியிருக்கிறோமே!

அந்த வருடம் கேடயம் எங்களுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கோட்டாற்றுத் தெரு வழியாக எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சபையில் இராப்போஜனம். அப்பா என் வரிசைக்கு வந்தார். கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பெற்ற தகப்பன் அல்லவா? என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினார். பாத்திரம் சாய்ந்து, இரண்டு சொட்டு திராட்சை ரசம் என் வேட்டியில் விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நாங்கள் எத்தனையோ ஆட்டம் ஜெயித்தோம். நான் ஒரு ஞாயிறும் பயிற்சியை விடவில்லை, அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வீம்பு. நான்காம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா போய்விட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, நான் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று "வாடப்பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.