நாலு மணிக்கு மேல்தான் செருப்பு

செருப்பு விற்கிறவனுக்கு ஊரில் உள்ள அத்தனை பாதங்களும் தெரியும். முகங்கள்தான் சில சமயம் மறந்துபோகும்.

புதுச் செருப்பு கடித்து, குதிகாலில் கொப்புளம் வந்து, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஊதிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அப்படிப்பட்ட சொந்தங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலாக்காவில் பிறந்தவன். தமிழ்ப் பள்ளியில் பாதி, இங்கிலீஷ் பள்ளியில் பாதி என்று படித்துவிட்டு, இளவயதில் மெட்ராசுக்குப் போய் ஒரு செருப்புக் கடையில் சேர்ந்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு மனைவியோடு ஊர் திரும்பினேன். மலாயா சுதந்திரம் வாங்க, ஊர்ப் பேச்சில் சொன்னால் மெர்டேக்காவுக்கு, இன்னும் ஒரு வருஷம்கூட இல்லாத நேரம். மனைவியின் அண்ணன் கோபால், என் மச்சான், காஜா பேராங் சாலையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அதில் ஒரு பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"மாப்ளே, மெர்டேக்கா வரைக்கும் பாருங்க. நாடு சொந்தக் கால்ல நிக்கிறப்ப உங்க கடையும் நின்னா சந்தோசம். இல்லேன்னா அந்தப் பாதியில நான் அலுமினியம் அடுக்கிடுவேன். நீங்க என் கல்லாவுல உக்காந்துக்கலாம்."

மச்சானின் கல்லாவில் உட்காருவது என்றால் என்னவென்று, மச்சான் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலையில் வந்தவர்

கடை திறந்த முதல் வாரம், காலை எட்டு மணிக்கே ஒருவர் வந்தார். பெயர் தனபால், இன்சூரன்ஸ் ஏஜெண்டு. நாள் முழுக்கத் தெங்கேராவிலிருந்து ஆயர் குரோ தோட்டம் வரை வீடு வீடாக நடக்கிற மனிதர். ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்தார். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. "இதையே கட்டிக் குடுங்கண்ணே" என்றார். நான் மாட்டேன் என்றேன். "இன்னிக்கு நடையை முடிச்சிட்டு நாலு மணிக்கு மேல வாங்க. அப்பத்தான் உங்க கால் எவ்வளவு பெருசுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

பாதம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. நடக்க நடக்க வீங்கும். தூங்கி எழுந்த காலுக்குச் செருப்பு வாங்குகிறவன், பசியே இல்லாத நேரத்தில் சமையலுக்கு அரிசி அளக்கிறவன் மாதிரி. மெட்ராஸ் கடையில் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் தனபால் போய்விட்டார். போகும்போது என்னவோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருக்காது.

நாலரை மணிக்கு நொண்டிக்கொண்டே வந்தார். காலில் புத்தம் புதுச் செருப்பு. இரண்டு சுண்டுவிரல்களும் வாருக்கு வெளியே பிதுங்கி நின்றன. என் முன்னால் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி நீட்டினார்.

"நீங்க விரட்டுன கோவத்துல பசார் கடைத்தெரு பக்கம் போயி இதை வாங்கினேன். இதை எங்கயாச்சும் தூரப் போட்டுட்டு, என் காலுக்கு ஒண்ணு குடுங்கண்ணே, போதும்லா!"

பலகை

அன்றைய வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. மறுநாளே தமிழிலும் இங்கிலீஷிலும் மலாயிலும் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'மாலை நாலு மணிக்கு முன் செருப்பு விற்கப்படாது.' பிறகு காலை முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்து, மச்சானின் பாதியில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடம் போனது, சட்டி போனது, டிபன் கேரியர் போனது. என் பாதியில் ஈ மட்டும் வந்து போனது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் மச்சான். பிறகு பானை வாங்க வந்த ஒருவரிடம், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொன்னார்: "ஊர்ல எல்லாரும் கடையைத் தொறக்கத்தான் போர்டு வெப்பாங்க. எங்க மாப்ள மூடறதுக்கு வெச்சிருக்காரு!"

கயிற்றில் வந்த கால்

புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷனுக்குச் செருப்பு வேண்டும். புருஷன் வரவில்லை, அவருடைய பாத அளவு ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சாக வந்திருந்தது. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை, அவர் தூங்கும்போது என்றார். "அப்படின்னா இது தூங்குறவர் காலும்மா. நடக்குறவர் காலு வேணும்" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும், பால் வெட்டணும். காலை மட்டும் கழட்டி உங்களுக்கு அனுப்பி வெக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து நின்றார். அதே கயிறு. இப்போது அதில் இரண்டு முடிச்சு. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் குறுக்குவாட்டில் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளலாம். இரண்டாவது முடிச்சுக்குச் செருப்பைக் கொடுத்துவிட்டு, அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கிப் பலகைக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டேன். நான் மூன்று மொழியில் எழுதியும் நம்பாத ஊர் அந்த இரண்டு முடிச்சைப் பார்த்து நம்பியது. நாலு மணிக்கு மேல் ஆள் வர ஆரம்பித்தது.

கயிற்றை என் கையில் வைத்தபோது அந்த அம்மா சொன்னது இதுதான்: "மேல உள்ளது மனுசன் காலு, கீழ உள்ளது உழைச்ச காலு. எதுக்கு வேணுமோ குடுங்க."

ஒரு சைஸ் கூட

ஆள் வந்தது, ஆனால் வியாபாரம் கால் ஊன்றவில்லை. காரணம் கேளுங்கள். நம் ஆட்களில் பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர், "ஒரு சைஸ் கூடவே குடுங்க" என்பார்கள்; மாட்டேன் என்றால் எழுந்து போய்விடுவார்கள். நானும் முதலில் சிக்கனம் என்று நினைத்தேன். தம்பிக்கும் ஆகட்டும், மகனுக்கும் ஆகட்டும் என்று வாங்குகிறார்களோ? அது இல்லை. செருப்பு லொடலொடவென்று இருந்தால்தான் குனியாமல் உதற முடியும். வீட்டு வாசல், கோயில் வாசல், துக்க வீடு, கல்யாண வீடு, எங்கே போனாலும் உதறிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்!

ஆனால் லொடலொடச் செருப்பைக் கால் சும்மா சுமக்காது. நழுவாமல் இருக்க, ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கும். சாயங்காலம் கெண்டைக்கால் கல்லாகிவிடும். நெடுந்தூரம் நடக்கிறவனுக்குக் குதிகாலைச் சுற்றி ஒரு வார் வேண்டும். இந்த ஞானத்தை நம்பி, பக்கிள் வைத்த குதிகால் வாரோடு ஒரு பெரிய கட்டு தைக்கச் சொல்லி வாங்கி அடுக்கினேன். ஒரு ஜோடிகூட நகரவில்லை. தனபாலே கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு வந்து, அந்த வாரைப் பார்த்ததும் கும்பிடு போட்டார்.

"அண்ணே, நான் ஏறாத வாசல் இல்ல. இந்தப் பக்கிளைக் கழட்டி நிமிர்றதுக்குள்ள வீட்டுக்காரங்க யாருன்னு பாத்து, கதவைச் சாத்திட்டு, பின்கட்டுக்கே போயிடுவாங்க!"

தெங்கேராவில் ஒரு கேள்வி

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. மச்சான் என் பாதியைக் கண்ணாலேயே அளக்க ஆரம்பித்திருந்தார். எந்த அலமாரி எங்கே வரும் என்று. நான் அடுக்கி வைத்திருந்த பக்கிள் செருப்புகளைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டே இருந்தேன். நடக்கிறவனுக்குக் குதிகால் வார் வேண்டும். வாசல் ஏறுகிறவனுக்கு அது ஆகாது. நம் ஆள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே காலால் செய்கிறான். அவனைத் திருத்துவதா, செருப்பைத் திருத்துவதா?

எனக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர் தெங்கேராவில் இருந்த ஆ செங் என்கிற சீனர். ஒருநாள் அவர் பட்டறை வாசலில் நின்றபோது, ஒருவர் சைக்கிள் கேரியரில் காய்கறிக் கூடையை வைத்து, பழைய டியூப்பை நீளவாக்கில் கிழித்த ரப்பர் நாடாவால் இழுத்துக் கட்டினார். கூடை அசையவில்லை. இறக்கும்போது நாடாவை லேசாக இழுத்தார், கூடை வந்துவிட்டது. அவ்வளவுதான். உள்ளே ஓடி, "ஆ செங், பக்கிளை எடுத்துடு. வார் நடுவுல ஒரு துண்டு சைக்கிள் டியூப் வெச்சுத் தை" என்றேன்.

முதல் ஜோடியைப் போட்டு நடந்ததில் வியர்வையில் ரப்பரின் கறுப்பு இறங்கிக் குதிகாலெல்லாம் கரி. இரண்டாவதில் ஆ செங் ரப்பருக்கு மேல் மெல்லிய ஆட்டுத்தோலைச் சுருக்கு வைத்து உறைபோல் போட்டார். நுழைத்தால் பிடித்தது, மறு கால் நுனியால் குதிகால் வாரை அழுத்தினால் விட்டது. குனியவே வேண்டாம். பட்டறை வாசலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கழற்றி மாட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன். ஆ செங் தலையில் கை வைத்துக்கொண்டு, கடைத்தெருவின் பசார் மலாயில், முதலாளி என்கிற மரியாதையோடே கேட்டார்:

"தவுக்கே, உங்க ஆளுங்க செருப்பு வாங்குறது போடறதுக்கா, கழட்டறதுக்கா?"

பிள்ளையின் வாசல்

அந்தச் செருப்பை முதலில் வாங்கியவர் பக்கத்துச் செட்டிக் கம்பத்துச் சுப்பையா பிள்ளை. அந்தக் கிராமத்துச் செட்டிகள் பல தலைமுறையாக மலாக்காவில் வாழும் இந்துக்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். மெட்ராசில் துருப்பிடித்துப்போன என் மலாயைக் கேட்டுப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் நாலு மணிக்கு மேல்தான் வந்தார். கயிற்றைப் பற்றி அவருக்கும் சேதி போயிருந்தது.

கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் அழைக்கிற பொறுப்பு அவருடையது. செருப்பை வாங்கியவர் தன் வீட்டு வாசலுக்கு என்னையும் கூட்டிப் போனார். வாசலில் கழற்றினார், உள்ளே போனார், வெளியே வந்தார், மாட்டினார். பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தார். அங்கேயும் அப்படியே. என்ன விசேஷம் என்று அந்த வீட்டார் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கம்பத்தில் பாதி வீடு முடித்த பிறகு என் தோளில் கை போட்டு மலாயில் சொன்னார்:

"இத்தனை வருஷமா நான் செருப்பை இழுத்துக்கிட்டுப் போனேன். இன்னைக்குத்தான் செருப்பு என்கூட வருது."

பாலத்தின் மேல்

சுதந்திர தினத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து ஓர் ஊர்வலம் ஏற்பாடாயிற்று. கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து பண்டார் ஹிலிர் திடல் வரை நடை. தலைமை மச்சான். நடக்கிறவர்கள் எல்லாருக்கும் என் செருப்புதான் என்று பிள்ளை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் நாலு மணிக்கு மேல் என் பாதியில் நிற்க இடமில்லை. ஆ செங் சாப்பிட நேரமில்லை என்று என்னைத் திட்டினார். மச்சான் மட்டும் என் பக்கம் வரவில்லை. முன்னால் நடக்கிறவன் சைக்கிள் டியூப் கட்டிக்கொண்டு நடப்பதா என்று கேட்டார். டவுனுக்குப் போய், பளபளவென்று பக்கிள் வைத்த செருப்பு ஒன்றை வாங்கி வந்தார். காலை ஒன்பது மணிக்கு.

என் மனைவி அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள். ஊர்வலத்தன்று நான் புறப்படும்போது ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே என் கடைச் செருப்பு ஒரு ஜோடி, மச்சான் அளவில். அவர் தினமும் சாயங்காலம் பாத்திரங்களுக்கு நடுவே காலை நீட்டித் தூங்குகிறவர். உழைத்த பிறகு அவர் கால் என்ன அளவு என்று எனக்குத் தெரியும்; அந்த அளவில் நான் தைக்கச் சொல்லி வைத்திருந்த ஜோடியைத்தான் இவள் எடுத்து வந்திருக்கிறாள். எதற்குப் பை என்று தெரியாததுபோல் கேட்டேன். "எங்க அண்ணன் வாயும் எனக்குத் தெரியும், காலும் தெரியும். நீங்க பாட்டுக்குக் கடைசியில நடங்க" என்றாள்.

கோயிலில் கற்பூரம் காட்டி முடிந்தது. மேளம் எழுந்தது. எல்லாரும் வெளியே வந்து, நின்றபடியே காலை நுழைத்துப் புறப்பட்டுவிட்டார்கள். தலைவர் மட்டும் வாசலில் குந்தி உட்கார்ந்து பக்கிளோடு போராடிக்கொண்டிருந்தார். இரண்டாவது காலை மாட்டி நிமிர்ந்தபோது ஊர்வலம் முச்சந்தியைத் தாண்டியிருந்தது. கொடியைத் தூக்கிக்கொண்டு மச்சான் ஓடி வந்து தன் ஊர்வலத்தைப் பிடித்ததைக் காஜா பேராங் முழுவதும் பார்த்தது.

பாதி வழியில் அவர் நடை மாறியது. ஆற்றுப் பாலம் வருவதற்குள் கொடி ஒருபக்கம் சாய்ந்தது, ஆள் மறுபக்கம் சாய்ந்தார். பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். மேளமும் நின்றது. பின்னாலிருந்து நான் போனேன். பேசாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பையைத் திறந்து செருப்பை அவர் முன்னால் வைத்தேன். பக்கிளை அவரே அவிழ்த்தார். புதுச் செருப்புக்குள் கால் தானாகப் போனது. இரண்டடி நடந்து பார்த்தார். கொடி நிமிர்ந்தது. "அடிங்கடா மேளத்தை!" என்று ஒரு சத்தம் போட்டார். திடல் வரை அவரைப் பிடிக்க எங்களால் முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கடைக்கு வந்தவர், வாசலில் குனியாமல் செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். மறுபடி வெளியே வந்து மாட்டினார். மறுபடி கழற்றினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். பிறகு என் ஸ்டூல் அருகே வந்து, கயிற்றின் இரண்டு முடிச்சையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ளே, அலுமினியம் வேண்டாம். என் பாதியில கொஞ்சம் எடம் வேணும்னா எடுத்துக்குங்க."

ஆக, அன்றைக்கு நாட்டுக்கு விடுதலை காலையில் கிடைத்தது, மச்சானின் குதிகாலுக்குப் பாலத்தின் மேல் கிடைத்தது, என் கடைக்கு வழக்கம்போல் நாலு மணிக்கு மேல்தான் கிடைத்தது.